பதினாறு பவுண்டு காற்று

என் தங்கைக்கு ‘ஆமை டீச்சர்’ என்று பெயர். ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி ஒன்றில் பதினொரு வருடமாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறாள். அவள் வண்டி தெருவில் போனால், பின்னால் வருகிற சைக்கிள்காரர்கூட மணியடித்துவிட்டு முந்திப் போவார். பக்கத்தில் மாணவர் உட்கார்ந்திருக்கும்போது இருபது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் முள் ஏறினால், தன் பக்கத்து பிரேக்கில் கால் வைத்துவிடுவாள். “கிளட்ச்சை விடுங்க. இன்னும் மெதுவா. உங்க குழந்தை தூங்குற ரூம் கதவைச் சாத்துவீங்கல்ல, அந்த மாதிரி” என்பாள். எஞ்சின் நின்றுபோனால் திட்டமாட்டாள். நின்றதை மறைக்க ஹாரனை அடித்துக்கொண்டு அங்கும் இங்கும் பார்ப்பவர்களைத்தான் அவளுக்குப் பிடிக்காது. “நின்னா நின்னுச்சுன்னு சொல்லணும். ஹாரன் அடிச்சு மழுப்பக்கூடாது.” இது அவள் வகுப்பின் முதல் பாடம். உரிமத் தேர்வில் அவளே இரண்டு தடவை தோற்றவள். அதையும் முதல் நாளிலேயே மாணவர்களிடம் சொல்லிவிடுவாள்.

அதே ஆமை, மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விமானங்கள் இறங்குவது நின்றுபோன ஒரு பழைய ஓடுதளத்தில் நானூறு மீட்டரைப் பதிமூன்று விநாடி சொச்சத்தில் கடப்பாள். இரண்டு கார்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். பச்சை விளக்கு எரியும். நேர்கோட்டில் போக வேண்டும். வளைவும் கிடையாது, முந்துகிற சாமர்த்தியமும் கிடையாது. ‘டிராக் ரேஸ்’ என்று சொல்வார்கள். இதில் அவளை இழுத்துவிட்டவர் கார் கண்ணாடி மாற்றும் கடை வைத்திருப்பவர். அவருடைய மனைவிக்கு இவள்தான் ஓட்டக் கற்றுக்கொடுத்தாள். ஒரு நாள் வேடிக்கை பார்க்கக் கூப்பிட்டுப் போயிருந்தார். இவள் நாலு பந்தயம் பார்த்துவிட்டு, “எல்லாரும் முதல் பதினெட்டு மீட்டர்லயே தோத்துடறாங்களே. கிளட்ச் விடத் தெரியல. இது என் வேலைதானே?” என்றாளாம். அடுத்த மாதமே ஒரு பழைய நாலு கதவு காரை வாங்கி வந்து வாசலில் நிறுத்தினாள். பின்சக்கரங்கள் தள்ளுகிற பழைய ரகம்.

எனக்கு இதில் பங்கு டயர் மட்டும். பேருந்துப் பணிமனையில் இருபத்திரண்டு வருடமாக டயர் பிரிவில் இருக்கிறேன். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. ஆனால் என் கை மாட்டிய டயர் ஒன்றுகூட நடுவழியில் கழன்றதில்லை. ஒவ்வொரு டயருக்கும் தேதி, வண்டி எண், காற்றின் அளவு எல்லாம் நோட்டில் எழுதிவைப்பேன். நட்டுகளை முறுக்கிய பிறகு, நட்டின் மேலும் சக்கரத்தின் மேலும் சேர்த்து ஒரு மஞ்சள் கோடு தீட்டுவேன். நட்டு தளர்ந்தால் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும்.

தங்கையின் கணவர் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர். கார் கவிழ்ந்து வருகிறவர்களின் எலும்பை முதலில் பார்க்கிறவர் அவர்தான். மூன்று வருடத்தில் ஒரு தடவைகூட அவர் ஓடுதளத்துக்கு வந்ததில்லை. பந்தயத்துக்கு முதல் நாள் ஒரு நீலப் பையை எடுத்து வைப்பார். பஞ்சு, கட்டுத்துணி, கத்தரிக்கோல், ஒரு பெரிய பாட்டில் ஸ்பிரிட். மறுநாள் அவள் ஒவ்வொரு தடவை ஓடி முடித்ததும் எனக்குப் போன் வரும். கேள்வி ஒன்றுதான்.

“மச்சான், வண்டி நின்னுச்சா?”

எத்தனை விநாடி என்று அவர் கேட்டதே இல்லை.

அவர்கள் இருவருக்கும் ஓர் ஒப்பந்தம் இருந்தது. முதல் வருடம் அவர் அதைச் சாப்பாட்டு மேசையில் சொன்னபோது நானும் இருந்தேன். “மூணு வருஷம் தரேன். பதிமூணு விநாடிக்குக் கீழ வந்துட்டா அப்புறம் நான் வாயே திறக்கமாட்டேன். வரலைன்னா சாவியை என் கையில கொடுத்துடு.” இவள் சோற்றைப் பிசைந்துகொண்டே, “சரி” என்றாள். சொன்னால் சொன்னதுதான் அவளுக்கு.

மூன்றாவது வருடத்தின் கடைசிப் பந்தயம் வந்தபோது அவளுடைய நல்ல நேரம் பதிமூன்று புள்ளி இரண்டு ஒன்று.

எஞ்சினில் செய்ய முடிந்ததை எல்லாம் செய்தாயிற்று. மிச்சம் இருந்தது சக்கரமும் டயரும்தான். ஆறு வாரத்துக்கு முன்னால் அவள் தன் போனை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். பதினேழு அங்குலச் சக்கரம், கண்ணாடி மாதிரி பளபளப்பு.

“எப்படிண்ணா இருக்கு?”

“கல்யாணத்துக்குப் போற காருக்கு நல்லா இருக்கும்.”

“ரேஸ்ல எல்லாரும் இதான் போடறாங்க.”

“எல்லாரும்னா யாரு? முதல்ல வரவங்களா, வந்து நின்னு போட்டோ எடுத்துக்கறவங்களா?”

மாப்பிள்ளை மெல்லச் சிரித்தார். இவள் இரண்டு பேரையும் முறைத்தாள்.

கண்ணாடிக்காரரிடம் அதே பதினேழு அங்குலச் சக்கரம் ஒன்று இருந்தது. அதைக் கடன் வாங்கி, பணிமனை எடை மேடையில் டயரோடு வைத்தேன். இருபத்தோரு கிலோ. என்னிடம் இருந்த பதினைந்து அங்குல அலுமினியச் சக்கரம், டயரோடு பதினாலரை. அவளை அங்கேயே கூப்பிட்டுக் காட்டினேன். “சும்மா இருக்கற எடையை முன்னாடி தள்ளினா போதும். சுத்தற எடையைத் தள்ளவும் வேணும், சுத்தவும் வேணும். ரெண்டு வாயால தின்னும்” என்றேன். அவள் இரண்டு சக்கரங்களையும் கையால் தூக்கிப் பார்த்துவிட்டுப் பதினேழை ஓரமாகச் சாய்த்தாள்.

சிறிய சக்கரத்தில் இன்னொரு லாபம் உண்டு. ரிம் சின்னதானால் டயரின் பக்கச்சுவர் உயரமாக இருக்கலாம். புறப்படுகிற நொடியில் அந்தச் சுவர் துணி மாதிரி மடிந்து, தரையைக் கவ்விப் பிடித்து, பிறகு நிமிர வேண்டும். அதற்குக் காற்றும் குறைவாக இருக்க வேண்டும். முன்சக்கரத்துக்கு ஒல்லியான டயர், நாற்பது பவுண்டு காற்று, உருண்டால் போதும். பின்சக்கரத்துக்கு மெத்தென்ற ரப்பரில் அகலமான டயர், பதினாறு பவுண்டு. நூற்றுப் பத்து பவுண்டு ஏற்றியே பழகிய என் கைக்குப் பதினாறு என்பது பஞ்சர் டயர் மாதிரிதான்.

உயரத்தையும் நான் சும்மா விடவில்லை. அவள் முடிவுக் கோட்டைத் தாண்டுவதற்குச் சற்று முன்னால் நாலாவது கியருக்கு மாற வேண்டியிருந்தது. அந்த ஒரு மாற்றத்துக்குக் கால் விநாடி போகும். பழைய டயரில் சாக்பீஸால் புள்ளி வைத்து, பணிமனைத் தரையில் ஒரு முழுச் சுற்று உருட்டி அளந்தேன். நூற்று எண்பத்தேழு சென்டிமீட்டர். பதினோரு சென்டிமீட்டர் கூடுதலாக உருண்டால் மூன்றாவது கியரிலேயே கோட்டைத் தாண்டிவிடலாம் என்று கணக்கு வந்தது. நாலு தடவை போட்டுப் பார்த்தேன். அதற்குத் தகுந்த டயரைத் தேடி எழுதிக் கொடுத்தேன்.

புதன்கிழமை வர வேண்டிய டயர் சனிக்கிழமை மாலைதான் பார்சல் அலுவலகத்துக்கு வந்தது. மேற்பார்வையாளரிடம் அனுமதி கேட்டு, பணிமனையிலேயே மாட்டினேன். வாளியில் சோப்புக் கூழ், தூரிகை, லீவர் கம்பிகள். டயரின் உள்விளிம்பில் தாராளமாகச் சோப்புத் தடவினால் வெண்ணெய் மாதிரி ரிம்முக்குள் போய் உட்காரும். சக்கரம் ஒரு பக்கம் கனக்காமல் சமமாகச் சுற்ற, எடை சரிபார்த்து ஈயக் கட்டிகள் ஒட்டினேன். நட்டுகளில் மஞ்சள் கோடு போட்டேன். பெயிண்ட் மிச்சம் இருந்தது. வால்வுக்கு நேரே, ரிம்மில் தொடங்கி டயரின் சுவர் வரை ஒரு கோடு இழுத்துவைத்தேன். எதற்கு என்று கேட்டால் அன்றைக்கு எனக்குப் பதில் தெரிந்திருக்காது. கை சும்மா இருக்கவில்லை, அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொருவருக்கும் மூன்று ஓட்டம். பத்து மணிக்கு, பன்னிரண்டு மணிக்கு, இரண்டு மணிக்கு.

காலையில் ஓடுதளத்துக்கு வந்ததும் வராததுமாகக் காற்றை மூன்று தடவை அளந்தேன். நாலாவது தடவை மானியை எடுத்தபோது, “அண்ணா, அளந்து அளந்தே காத்தை எல்லாம் வெளிய விட்டுடாதே” என்றாள். ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டாள். அதற்குள்ளே அவள் முகம் சின்ன வயதில் காய்ச்சலில் கம்பளிக்குள் இருந்து பார்த்த முகம் மாதிரி இருந்தது. இந்த எண்ணம் எனக்கு ஒவ்வொரு தடவையும் வரும். ஒவ்வொரு தடவையும் நான் வேறு பக்கம் பார்ப்பேன்.

பச்சை எரிந்தது. கார் பின்பக்கம் குந்தி, அப்படியே பிய்த்துக்கொண்டு போனது. பழைய டயரில் கேட்கும் கீச்சொலி இல்லை. பலகையில் எண் விழுந்தது: பதிமூன்று புள்ளி சுழியம் நாலு. முதல் பதினெட்டு மீட்டருக்கு முன்பு இரண்டு புள்ளி இரண்டு விநாடி எடுத்தவள், இப்போது இரண்டுக்கும் கீழே.

கண்ணாடிக்காரர் என் முதுகில் ஒரு அறை விட்டார். “பஸ் டாக்டர்! இன்னும் அஞ்சு புள்ளிதான். அடுத்த ஓட்டத்துல அடிச்சுடுவா பாருங்க.”

கார் திரும்பி வந்து நிழலில் நின்றது. இவள் இறங்கும்போதே சிரித்தபடி இறங்கினாள். “டயர் அட்டகாசம்ணா. ஆனா கடைசியில சீட்டுக்கு அடியில ஒரு நடுக்கம். ஸ்டியரிங்ல இல்ல. சீட்டுல.”

நான் பின்சக்கரத்தருகே குந்தினேன்.

நட்டுகளில் கோடு சரியாக இருந்தது. வால்வுக்கு நேரே நான் இழுத்த கோடுதான் உடைந்திருந்தது. ரிம்மில் இருந்த பாதி வால்வுக்கு நேரே இருந்தது. டயரில் இருந்த பாதி நாலு விரல் தள்ளிப் போயிருந்தது. ரிம் சுற்றியிருக்கிறது, டயர் கூடவே வராமல் வழுக்கியிருக்கிறது. மறுபக்கச் சக்கரத்துக்குப் போனேன். அங்கே இரண்டு விரல். மானியை வைத்தேன். பதினாறு வைத்த இடத்தில் பதிமூன்று. நடுக்கம் ஏன் என்று புரிந்தது. டயர் நகர்ந்ததும் நான் ஒட்டிய ஈயக் கட்டிகள் தப்பான இடத்துக்கு எதிரே நிற்கின்றன.

அப்போது போன் அடித்தது.

“மச்சான், வண்டி நின்னுச்சா?”

“நின்னுச்சு மாப்பிள்ளை.”

“சரி” என்று வைத்துவிட்டார். என் குரலில் ஏதாவது தெரிந்ததா என்று தெரியவில்லை.

ஒவ்வொரு புறப்பாட்டிலும் இன்னும் கொஞ்சம் வழுக்கும். காற்று இன்னும் இறங்கும். நூற்று எழுபது கிலோமீட்டர் வேகத்தில் கோட்டைத் தாண்டும்போது டயரின் விளிம்பு ரிம்மை விட்டு இறங்கினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். டயர் பிரிவில் இருப்பவனுக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை. காற்றைக் கூட்டினால் வழுக்காது. ஆனால் இருபத்தைந்து பவுண்டு ஏற்றினால் சுவர் மடியாது, பிடி போய்விடும், பழைய பதிமூன்று புள்ளி இரண்டுதான் வரும்.

டயர் கம்பெனியைத் திட்டினேன். ரிம்மைத் திட்டினேன். அளவு தப்பா என்று நோட்டைப் புரட்டினேன். எல்லாம் சரியாக இருந்தது. மறுபடி குனிந்து விரலை ரிம்மின் ஓரத்தில் ஓட்டினேன். ஏதோ வெள்ளையாக ஒட்டியது. நுரை. காய்ந்தும் காயாமலும் விளிம்பெல்லாம் பிதுங்கியிருந்தது. இரண்டு விரலால் தேய்த்தால் வழவழத்தது.

என் சோப்பு.

பேருந்து டயரில் நூற்றுப் பத்து பவுண்டு காற்று விளிம்பை ரிம்மோடு அழுத்திப் பிடித்துக்கொள்ளும். சோப்பு ஈரமாக இருந்தாலும் டயருக்குக் கவலையில்லை. பதினாறு பவுண்டுக்கு அந்தப் பலம் ஏது? அவளுடைய பழைய டயர்களையும் நான்தான் மாட்டினேன். அவை மாட்டி வாரக்கணக்கில் நின்ற பிறகுதான் ஓடின, சோப்பு காய்ந்திருந்தது. இவை நேற்று மாலை மாட்டியவை. நோட்டில் எடை இருந்தது, சுற்றளவு இருந்தது, காற்று இருந்தது. சோப்பைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. மூச்சு விடுவதை யாராவது எழுதிவைப்பார்களா?

அங்கேயே குந்தியிருந்தேன். டயர் மட்டம் என்று சொல்லி வண்டியை ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம் என்று தோன்றியது. மாப்பிள்ளை நிம்மதியாகத் தூங்குவார், சோப்பு யாருக்கும் தெரியப்போவதில்லை. இன்னொரு நினைப்பும் வந்தது, அது இன்னும் மோசம். காற்றை மறுபடி பதினாறு வைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டால், இன்னும் இரண்டே ஓட்டம்தானே, தாங்காதா?

“என்னண்ணா, சக்கரத்துகிட்ட ரகசியம் பேசறியா?” பின்னால் வந்து நின்றாள். கையில் தண்ணீர் பாட்டில்.

“கோட்டைப் பாரு.”

குனிந்து பார்த்தாள். அவளுக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. சிரிப்பு போய்விட்டது.

“டயர் சரியில்லையா?”

“டயர் நல்ல டயர். நான் சோப்பு போட்டுட்டேன். நேத்து. பஸ்ஸுக்குப் போடற மாதிரி வழிய வழிய. காயல. தப்பு என்னுது.”

ஓடுதளத்தின் கோடியில் யாரோ எஞ்சினை உறுமவிட்டார்கள். அவள் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்தாள், மூடினாள், திறந்தாள். மூன்று வருடம் என் தலைக்கு மேலே நிற்பது போல இருந்தது.

“ஹாரன் அடிக்காம சொன்னியே” என்றாள். பிறகு, “இங்கயே கழட்டித் துடைக்க முடியுமா?”

“மெஷின் இல்லாம விளிம்பை இறக்கணும். சோப்பில்லாம திரும்ப ஏத்தணும். முடியும். பன்னண்டு மணி ஓட்டம் போயிடும்.”

“ரெண்டு மணி ஒண்ணு இருக்குல்ல. கழட்டு.”

விளிம்பை ரிம்மிலிருந்து இறக்க ஒரு கனமான வண்டி வேண்டும். சக்கரத்தைப் படுக்கவைத்து, டயரின் சுவர் மேல் ஜாக்கியை நிறுத்தி, வண்டியின் அடிச்சட்டத்தை அதற்கு மேலே கொடுத்து ஜாக்கியை ஏற்றினால், வண்டியின் எடை விளிம்பைக் கீழே அழுத்திவிடும். கண்ணாடிக்காரரின் சரக்கு வண்டி ஓரமாக நின்றது. போய்க் கேட்டேன்.

“என்னைத் தோக்கடிக்க என் வண்டியையே கேக்கறீங்க” என்றார். சாவியைத் தூக்கிப் போட்டார். “உள்ள காத்து மெஷினும் இருக்கு. கண்ணாடிப் பசை பீச்சறதுக்கு வெச்சிருக்கேன். எடுத்துக்குங்க. எனக்குப் பன்னண்டு மணிக்கு ஓட்டம், கூடமாட நிக்க முடியாது.”

நாலு விளிம்புகளையும் இறக்கி, லீவர் கம்பியால் டயரைக் கழற்றுவதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. துணியால் துடைத்தேன். துடைக்கத் துடைக்க வழவழப்பு பரவியதே தவிரப் போகவில்லை. தண்ணீர் ஊற்றினால் நுரைக்கும். என்ன செய்வது என்று கையைப் பிசைந்துகொண்டு நின்றபோது, இவள் காருக்குள் குனிந்து நீலப் பையை எடுத்து வந்தாள். ஸ்பிரிட் பாட்டிலைத் திறந்து என் கையில் கொடுத்தாள்.

பஞ்சைப் பஞ்சாக நனைத்து ரிம்மைத் துடைத்தேன். அவள் டயரின் உள்விளிம்பைத் துடைத்தாள். பஞ்சு தீர்ந்ததும் கட்டுத்துணி. ஆஸ்பத்திரி வாசனை அடித்தது. மாப்பிள்ளை பக்கத்தில் நிற்பது போல இருந்தது. விரலை அழுத்தித் தேய்த்தால் கீச்சென்று சத்தம் வரும் வரை விடவில்லை.

அதற்குள் ஒலிபெருக்கியில் அவள் எண்ணைக் கூப்பிட்டார்கள். ஒரு தடவை. இரண்டாவது தடவை. மூன்றாவது தடவை கூப்பிட்டுவிட்டு அடுத்த எண்ணுக்குப் போய்விட்டார்கள். அவள் தலையைத் தூக்கவே இல்லை. பஞ்சைப் பிடித்திருந்த விரல்கள் மட்டும் ஒரு கணம் நின்று, மறுபடி நகர்ந்தன.

சோப்பில்லாமல் டயர் ஏற்றுவது எப்படி இருக்கும் என்று நான் இருபத்திரண்டு வருடத்தில் மறந்தே போயிருந்தேன். முழங்காலால் அழுத்தி, லீவரை அங்குலம் அங்குலமாக நகர்த்தினேன். அவசரப்பட்டால் விளிம்பு கிழியும், கிழிந்தால் எல்லாம் முடிந்தது. இடது கை முட்டியில் தோல் உரிந்து ஸ்பிரிட் பட்டு எரிந்தது. இன்னொரு தொல்லையும் இருந்தது. இங்கே எடை பார்க்கும் இயந்திரம் இல்லை. டயர் பழைய இடத்தில் துல்லியமாக உட்கார்ந்தால்தான் நான் ஒட்டிய ஈயக் கட்டிகள் சரியாக வேலை செய்யும். டயரில் இருந்த பாதிக் கோடு ரிம்மில் இருந்த பாதிக் கோட்டோடு சேர வேண்டும்.

அவள் எதிரே கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து கோட்டைப் பார்த்துச் சொன்னாள். “இடது பக்கம். இன்னும். மெதுவா… அவசரமே இல்ல, யாரும் பின்னாடி வரல… ஒரு விரல். அரை விரல். போதும், நிறுத்துங்க.” மாணவரை வண்டி நிறுத்தச் சொல்லும் அதே குரல். மரியாதை விகுதிகூட வந்துவிட்டது. அதை அவள் கவனிக்கவில்லை. நானும் சொல்லவில்லை.

காற்று ஏற்றினேன். விளிம்பு ரிம்மில் சரியாக உட்காரும்போது ‘டப்’ என்று வெடிக்கிற மாதிரி ஒரு சத்தம் வரும். ஒரு டயருக்கு இரண்டு விளிம்பு, இரண்டு சத்தம். இடது டயரில் இரண்டும் வந்தன. வலது டயரில் ஒன்று வந்தது. முப்பது பவுண்டு. முப்பத்தைந்து. வரவில்லை. டயரின் சுவரிலேயே நாற்பதுக்கு மேல் போகாதே என்று அச்சடித்திருக்கிறது. முப்பத்தொன்பதில் நிறுத்தினேன். மணி ஒன்றரை.

“அண்ணா…”

“தள்ளி நில்லு.”

காற்றை முழுவதும் இறக்கினேன். சக்கரத்தைத் தூக்கித் தரையில் குத்தி, சுற்றி, மறுபடி குத்தினேன். கோடு நகராமல் இருக்கிறதா என்று அவள் பார்த்தாள். நகரவில்லை. மறுபடி ஏற்றினேன். இருபது. முப்பது. முப்பத்தைந்து. முப்பத்தெட்டில் ‘டப்’ என்று கேட்டது. அவள் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். நான் காற்றைப் பதினாறுக்கு இறக்கினேன். சக்கரங்களை மாட்டி, நட்டுகளை முறுக்கின் அளவு காட்டும் ஸ்பேனரால் முறுக்கினேன். ஒவ்வொன்றையும் இரண்டு தடவை.

வரிசையில் போய் நின்றபோது அவளுக்கு முன்னால் இரண்டு ஜோடிக் கார்கள்தான் இருந்தன. ஜன்னல் வழியே என்னைப் பார்த்தாள்.

“ஓட்டலாமாண்ணா?”

இந்தக் கேள்வியை அவள் வேறு யாரிடமும் கேட்டதில்லை. நான் ‘ஓட்டு’ என்றால் ஓட்டுவாள், வேண்டாம் என்றால் சாவியைக் கொண்டுபோய்க் கணவரிடம் கொடுத்துவிடுவாள். ஒரு வார்த்தைகூடக் கேட்கமாட்டாள். துடைத்தது போதும் என்று எனக்குத் தெரியும். நேற்றும் எனக்கு எல்லாம் தெரியும் என்றுதான் நினைத்தேன்.

“கிளம்பறதுக்கு முன்னாடி டயரைச் சூடு பண்ணுவல்ல? அதுக்கப்புறம் எனக்காக ஒரு நிமிஷம் நில்லு. கோட்டைப் பாக்கறேன். நகர்ந்திருந்தா ரெண்டு கையையும் குறுக்க ஆட்டுவேன். எஞ்சினை நிறுத்திடணும். பச்சை விழுந்தாலும் சரி.”

“பச்சை விழுந்தாலும் சரி” என்று திருப்பிச் சொன்னாள்.

தண்ணீர் தெளித்த இடத்தில் பின்சக்கரங்கள் சுழன்றன. புகை எழுந்தது. கண் எரிய, குனிந்து இடது சக்கரத்தைப் பார்த்தேன். கோடு பாதி கரிந்திருந்தது, ஆனால் நேராக இருந்தது. மறுபக்கம் ஓடினேன். நேராக இருந்தது. வரிசையை நடத்துபவர் என்னைப் பார்த்துக் கத்தினார். அவள் கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் கை மேலே எழச் சற்று நேரம் ஆனது. பிறகு எழுந்தது. போ என்று அசைத்தேன்.

பச்சை.

நான் பலகையைப் பார்க்கவில்லை. காரின் பின்பக்கத்தையே பார்த்தேன். ஒன்று, இரண்டு என்று வாய்க்குள் எண்ண ஆரம்பித்து எங்கேயோ விட்டுவிட்டேன். கார் சிறியதாகி, கோட்டைத் தாண்டி, இன்னும் சிறியதாகி, பிரேக் விளக்குகள் சிவந்தன. சிவந்தபடியே இருந்தன. நின்றது.

யாரோ கத்தினார்கள். திரும்பி வரும் பாதையில் நான் ஓடினேன். பாதி வழியிலேயே கார் எதிரே வந்து நின்றுவிட்டது. நான் ஜன்னலைத் தாண்டிப் பின்சக்கரத்திடம் போய் மண்டியிட்டேன். மஞ்சள் கோடு ரிம்மிலிருந்து டயருக்கு ஒரே கோடாக, உடையாமல் போனது. மறுபக்கமும் அப்படியே. விரலை வைத்துத் தடவிப் பார்த்தேன். சூடு சுட்டது. மானியை எடுத்தேன், இரண்டாவது முயற்சியில்தான் வால்வில் பொருந்தியது.

“அண்ணா, இங்க பாரேன்” என்று மூன்றாவது தடவையாகவோ நாலாவது தடவையாகவோ கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். நேரம் அச்சடித்த சீட்டு ஜன்னலுக்கு வெளியே ஆடிக்கொண்டிருந்தது.

பன்னிரண்டு புள்ளி ஒன்பது நாலு.

கண்ணாடிக்காரர் ஓடி வந்தார். “ஆமை டீச்சர், என் வண்டிக்கு வாடகை தரணும்” என்று கத்தினார். அவள் ஹெல்மெட்டைக் கழற்றாமலே அழுதாள். சிரித்தாளோ என்னவோ, ஹெல்மெட்டுக்குள்ளிருந்து இரண்டும் ஒரே மாதிரிதான் கேட்கும்.

என் போன் அடித்தது.

“மச்சான், வண்டி நின்னுச்சா?”

“நின்னுச்சு மாப்பிள்ளை.”

வழக்கமாக இந்த இடத்தில் வைத்துவிடுவார். அன்றைக்கு வைக்கவில்லை. அந்தப் பக்கம் ஏதோ தள்ளுவண்டி உருளும் சத்தம் கேட்டது. யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். “இதோ வரேன்” என்றார் அவர்களிடம்.

பிறகு என்னிடம், “எவ்வளவு?” என்றார்.

சொன்னேன். காலையிலிருந்து நடந்ததை மறைக்கத் தோன்றவில்லை. சோப்பு போட்டதை, டயர் வழுக்கியதை, அவருடைய பாட்டிலால் துடைத்ததை எல்லாம் சொல்லி முடித்தேன். நடுவில் அவர் ஒரு தடவை மூச்சை இழுத்துக்கொண்டது கேட்டது.

“அப்ப பாட்டில் காலி” என்றார்.

“காலி. பஞ்சும் இல்ல.”

“சரி. அடுத்த வருஷத்துக்கு ரெண்டு பாட்டிலா வாங்கி வெக்கறேன்.”